மாணவர் பேரவைக்குப் புதியவரா? ஓராண்டில் நிலைத்து நிற்கும் ஒரு வேலையை முடிப்பதற்கான வழிகாட்டி

பதவியேற்பு முடிந்த மறுநாள், பேரவையின் புதிய செயலாளர் கைக்கு ஒரு பழைய கோப்பு வந்து சேரும். நான் பொறுப்பாசிரியராக அமர்ந்த முதல் ஆண்டில் எங்கள் செயலாளருக்குக் கிடைத்த கோப்பில் விழா அழைப்பிதழ்களும் குழுப் புகைப்படங்களும் ‘சாதனைகள்’ என்று தலைப்பிட்ட ஒரு தாளும் இருந்தன. தாளில் பதினோரு வரிகள். பதினொன்றும் “சிறப்பாக நடத்தப்பட்டது” என்றே முடிந்தன. அந்த மாணவி இரண்டு முறை படித்துவிட்டு, “இவற்றில் இன்றைக்கும் இருப்பது எது, சார்?” என்று கேட்டாள். எங்களால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை.

அன்று முதல் எந்தப் பேரவை வந்தாலும் நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். விழா நடத்துவது எளிய வேலையில்லை. அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனாலும் நீங்கள் பொறுப்பிலிருந்து இறங்கிய பிறகும், உங்கள் பெயரே தெரியாத ஒரு சிறு பிள்ளைக்குப் பயன்பட்டுக்கொண்டிருப்பதைத்தான் நான் சாதனை என்பேன். அப்படி ஒன்றைச் செய்து முடிக்க ஓராண்டு போதும். எங்கள் பேரவைகள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த வழியைக் கீழே எழுதுகிறேன்.

முதல் வாரம்: எது உங்கள் கையில் இருக்கிறது?

பேரவையின் விதிமுறைகளை வாங்கி முழுதாகப் படியுங்கள். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லையென்றால் தலைமையாசிரியரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் நீங்களே செய்யக்கூடியவை: புதிய மாணவர்களுக்குத் துணை நிற்பது, தொலைந்த பொருள்களைச் சேர்த்து வைத்து உரியவரிடம் கொடுப்பது போன்றவை. இரண்டாவதில் அனுமதி கிடைத்தால் செய்யக்கூடியவை: நூலகம் திறந்திருக்கும் நேரம், இடைவேளையில் மைதானத்தைப் பங்கிடும் முறை, அறிவிப்புப் பலகை. மூன்றாவதில் நிர்வாகம் மட்டுமே முடிவெடுப்பவை: ஆசிரியர் நியமனம், கட்டணம், கட்டடம், பாடத்திட்டம்.

தேர்தல் நேரத்தில் அள்ளி வீசப்படும் வாக்குறுதிகள் பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் போய் விழும். அதற்காக மனம் உடைய வேண்டாம். மூன்றாவது கட்டத்திலும் கருத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்தைத் தடையின்றிச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கிறது; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கேட்கும்போது காது கொடுக்க வேண்டும் என்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பேரவை, நிர்வாகத்தோடு வீணாக மோதுவதும் இல்லை, கைகட்டி நிற்பதும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்தி வைப்பது, பெயருக்கு ஒருவரை மேடையில் உட்கார வைப்பது ஆகிய கீழ் மூன்று படிகளையும் அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. எட்டாவது படியில் பிள்ளைகள் ஒரு வேலையைத் தொடங்கி, பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். பெரியவர்களை ஒதுக்கிவிட்டுச் செய்வது அதற்கும் கீழே, ஏழாவது படியில்தான் இருக்கிறது. என் அனுபவமும் இதுவே: பராமரிப்புப் பணியாளரையும் அலுவலக எழுத்தரையும் தோழமையாக்கிக்கொண்ட பேரவைகளே வேலையை முடித்திருக்கின்றன.

குறைகளைக் கேட்பது

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஆண்டு முழுவதும் நீங்கள் செய்யப் போகும் வேலையின் தரம் இங்கேதான் முடிவாகிறது.

புகார்ப் பெட்டி வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எழுதத் துணிந்தவர்கள் எழுதியதுதான் பெட்டியில் விழும். கூட்டத்தில் கையைத் தூக்கச் சொன்னால் உரக்கப் பேசுபவர்களின் குறைதான் பள்ளியின் குறையாகத் தெரியும். வகுப்புப் பிரதிநிதிகள் தத்தம் வகுப்பில் பத்து நிமிடம் வாங்கி, எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, “பள்ளியில் நீங்கள் தவிர்க்கும் இடம் எது, ஏன்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கட்டும். பெயர் எழுதத் தேவையில்லை. “என்ன வேண்டும்?” என்று கேட்டால் ஆசைகள் வரும். “எதைத் தவிர்க்கிறீர்கள்?” என்று கேட்டால் உண்மையான சிரமங்கள் வரும்.

அதன் பிறகு நடந்து போய்ப் பாருங்கள். மேலே சொன்ன செயலாளர் ஓர் இடைவேளையில் இரண்டாம் தளத்துக்கு ஏறிப் போனாள். பெண்கள் கழிப்பறை வாசலில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றார்கள். ஏன் மூன்று பேர் என்று கேட்டதற்கு அவர்களில் ஒருத்தி, “நாங்கள் எப்போதும் மூன்று பேராகத்தான் வருவோம், அக்கா. ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்வாள், ஒருத்தி பைகளைப் பார்த்துக்கொள்வாள்” என்றாள். ஆறு கதவுகளில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி கழன்ற துளைகளில் யாரோ காகிதத்தை மடித்துச் செருகிக் கதவை இறுக்கப் பார்த்திருந்தார்கள். தோழிகள் விடுப்பில் இருக்கும் நாளில் என்ன செய்வாய் என்று செயலாளர் கேட்டபோது, அந்தச் சிறுமி தண்ணீரே குடிக்க மாட்டேன் என்றாள்.

புகார்ப் பெட்டியில் இதைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. பள்ளி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டார்கள். பழகிப்போன சிரமத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பேரவையின் முதல் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

வந்த குறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம். யாருக்கு இதனால் சிரமம் அதிகம், இந்தப் பருவத்துக்குள் முடியுமா, யாருடைய கையெழுத்து வேண்டும் என்று பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கும். பெரியதைத்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். முதல் வேலை சிறியதாக இருந்து முடிந்துவிட்டால், அடுத்த கோரிக்கையோடு போகும்போது நிர்வாகம் உங்களை உட்காரச் சொல்லிப் பேசும்.

தொடங்குவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு ‘முன்னே எப்படி இருந்தது’ என்று எழுத யாரிடமும் கணக்கு இருப்பதில்லை. ஆகவே தேதி போட்டு எண்ணுங்கள். எத்தனை கதவு, எத்தனை தாழ்ப்பாள். எத்தனை குழாய், அவற்றில் எத்தனையில் தண்ணீர் வருகிறது. இடைவேளை மணி அடித்ததிலிருந்து வரிசையின் கடைசி மாணவர் தண்ணீர் குடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது. கடிகாரத்தைப் பார்த்து ஒரே வாரத்தில் மூன்று நாள் குறித்தால் போதும். ஒரு நாள் கணக்கை மட்டும் காட்டினால், அன்றைக்கு ஏதோ கூட்டம் அதிகம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். புகைப்படம் எடுப்பதானால் பள்ளியின் அனுமதியோடு, பிள்ளைகள் யாரும் இல்லாத வேளையில் இடத்தை மட்டும் எடுங்கள்.

ஒரு பக்கக் கடிதம்

கோரிக்கைக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன நிலை, யாருக்குச் சிரமம், நாங்கள் கேட்பது என்ன, நாங்கள் செய்யப்போவது என்ன, எப்போதைக்குள் பதில் வேண்டும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். எங்கள் செயலாளரின் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

“பொருள்: இரண்டாம் தளக் கழிப்பறைக் கதவுகள் தொடர்பாக. ஐயா, இரண்டாம் தளத்தில் உள்ள ஆறு கதவுகளில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாணவியர் துணையில்லாமல் செல்ல இயலவில்லை. சிலர் இதற்காகத் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். நான்கு தாழ்ப்பாள்கள் பொருத்தித் தர வேண்டுகிறோம். பொருத்திய பின் மாதம் ஒருமுறை எல்லாக் கதவுகளையும் சரிபார்த்து, பழுது இருந்தால் அலுவலகப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பைப் பேரவை ஏற்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் பதிலை அறிய விரும்புகிறோம்.”

‘நாங்கள் செய்யப்போவது’ என்ற வரியைக் கவனியுங்கள். அந்த வரி இருந்ததால்தான் தலைமையாசிரியர் கடிதத்தை ஓரமாக வைக்காமல் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். பின்னால் அந்த வேலை நிலைத்து நின்றதும் அந்த வரியால்தான்.

கடிதம் கொடுக்க இருவராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் குறிப்பெடுக்கட்டும். மறுப்பு வந்தால் வாதாட வேண்டாம். “எந்தக் காரணத்தால் முடியாது என்று சொன்னால் அதை மாணவர்களிடம் விளக்குவோம்” என்று பணிவாகக் கேளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த கடிதத்தை அதற்கேற்ப எழுதலாம். பேச்சில் ஒப்புக்கொண்டதை அன்று மாலையே இரண்டு வரியில் எழுதி, “இன்று தாங்கள் கூறியபடி” என்று தொடங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வாய்மொழி வாக்குறுதியை யாரும் வேண்டுமென்று மீறுவதில்லை. வேலை நெருக்கடியில் மறந்துபோகிறார்கள்.

கூட்டம் நடத்தும் முறை

1863இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க நேர்ந்தது. கூட்டத்தை எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை, திணறிப்போனார். அந்தச் சங்கடம் அவரை விடவில்லை. கூட்ட நடைமுறைகளைத் தேடிப் படித்து, 1876இல் விதிகளாகத் தொகுத்து அச்சிட்டார். இன்றும் எத்தனையோ மன்றங்கள் அவற்றைப் பின்பற்றுகின்றன. பள்ளிப் பேரவைக்கு அந்த விதிகள் முழுவதும் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, எல்லோரும் ஒரு முறை பேசிய பிறகே யாரும் இரண்டாம் முறை பேசலாம் என்ற அளவு போதும். மூன்றாவதை நான் விடாமல் வற்புறுத்துவேன். மூத்த மாணவர்கள் இரண்டு பேரே கூட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்வதை அந்த ஒரு விதி தடுத்துவிடும்.

நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்பே ஒட்டுங்கள். கோரம், அதாவது தீர்மானம் போடக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதை, முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை வராவிட்டால் தீர்மானம் போட வேண்டாம். கூட்டக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்பதை எல்லாம் எழுதத் தேவையில்லை. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருந்தால் போதும். அடுத்த கூட்டம் அந்தத் தேதிகளைப் படிப்பதில் தொடங்கட்டும். பொறுப்பேற்றவர் முடிக்காவிட்டால் திட்டாதீர்கள். என்ன தடை என்று கேட்டு, வேண்டுமென்றால் இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள்.

மாணவர்கள் சேர்ந்து முடிவெடுப்பதெல்லாம் விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளி 1921இல் தொடங்கப்பட்டது. அங்கே பள்ளிக் கூட்டத்தில் சிறு பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு வாக்குதான். 2000ஆம் ஆண்டு அரசுக்கும் பள்ளிக்கும் இடையே நடந்த வழக்கில் சமரச ஏற்பாடு ஒன்று முன்வைக்கப்பட்டது. லண்டன் நீதிமன்றத்துக்கு வந்திருந்த மாணவர்கள் அந்த அறையிலேயே பள்ளிக் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, வாக்கெடுத்து, ஏற்பாட்டை ஏற்றார்கள். பள்ளியின் எதிர்காலமே அடங்கிய முடிவு அது. பல ஆண்டுகள் வாரந்தோறும் சின்னச் சின்ன விஷயங்களை முறையாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் என்பதால், அன்றைக்கு அவர்களால் அதைச் செய்ய முடிந்தது.

பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு சொல். போலந்தின் வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. அவரும் அதன்முன் நின்று பதில் சொன்னார். பேரவையின் கேள்விக்குப் பதில் சொல்வதால் நம் மதிப்புக் குறையாது.

பணம்

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொருளாளர் தனியாகப் பணத்தை வைத்திருக்கக் கூடாது. பணம் பள்ளி அலுவலகத்தில் இருக்கட்டும். எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ரசீது இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற வேண்டாம். மாதக் கடைசியில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒரு முறை நிதி திரட்டும் நிகழ்ச்சிக்குப் பிறகு, நல்ல மாணவன் ஒருவன் ரசீதுகளைத் தொலைத்துவிட்டு மாதக்கணக்கில் தலை குனிந்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் ஒரு காசும் எடுக்கவில்லை. ஆனால் அதைக் காட்ட அவனிடம் ஒரு தாளும் இல்லை. ரசீதும் இரண்டு கையெழுத்தும் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த நிலை வந்திருக்காது.

பேரவையிடம் கொஞ்சம் பணம் இருந்தால், அதை எதற்குச் செலவிடுவது என்று எல்லா மாணவர்களிடமும் வாக்கெடுக்கலாம். 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்களே முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு உலகின் பல இடங்களுக்கும், பள்ளிகளுக்கும்கூட, அந்த முறை பரவியது. தொகை சிறியதாக இருந்தாலும் செய்து பாருங்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த பொருளை மாணவர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சாதனையை எழுதும் விதம்

தாழ்ப்பாள்கள் மூன்று வாரத்தில் வந்துவிட்டன. அதைச் செயலாளர் முதலில் இப்படி எழுதினாள்: “பேரவையின் அயராத முயற்சியால் கழிப்பறை வசதிகள் சிறப்பாக மேம்படுத்தப்பட்டன.” பழைய தாளின் குரல் அப்படியே வந்துவிட்டது. ‘அயராத’, ‘சிறப்பாக’ இரண்டையும் அடித்துவிட்டு, யார் செய்தது, எத்தனை, இன்றைய நிலை என்ன என்று எழுதச் சொன்னேன். திருத்திய வரி இது:

“இரண்டாம் தளத்தில் ஆறு கதவுகளில் நான்குக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. பேரவை கடிதம் கொடுத்தது, தலைமையாசிரியர் அனுமதித்தார், பராமரிப்புப் பணியாளர் பொருத்தினார். இப்போது ஆறு கதவுகளும் உள்ளிருந்து பூட்டுகின்றன. மாதத்தின் முதல் திங்கட்கிழமை வகுப்புப் பிரதிநிதிகள் சரிபார்க்கிறார்கள்.”

இதில் புகழ்ச்சி இல்லை. ஆனால் படிப்பவர் இன்றே படியேறிப் போய்ச் சரிபார்க்கலாம். பராமரிப்புப் பணியாளரின் பங்கு அதில் இருக்கிறது. அந்தத் தாளைப் பலகையில் அவர் நின்று படித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு பேரவை எது கேட்டாலும் அவர் முதலில் வருவார்.

முடியாமல் போனவற்றையும் எழுதுங்கள். அந்த ஆண்டு நூலகத்தை மாலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. பொறுப்பாக இருக்க ஆள் இல்லை என்பது காரணம். அதைக் காரணத்தோடு எழுதி வைத்ததால், அடுத்த பேரவை முதலில் இரண்டு ஆசிரியர்களின் ஒப்புதலை வாங்கிக்கொண்டு போய்க் கேட்டது. கிடைத்தது. அதை யாருடைய சாதனை என்று சொல்வது? இரண்டு பேரவைகளின் பெயரையும் போட்டோம்.

ஒரு எச்சரிக்கை: குறை சொன்ன பிள்ளைகளின் பெயர், வகுப்பு, அடையாளம் எதுவும் அறிக்கையில் வரக் கூடாது. உதவி பெற்றவர்களின் படத்தையும் போட வேண்டாம். உங்களை நம்பிச் சொன்னார்கள்.

ஒப்படைப்பு

ஆண்டின் கடைசி மாதத்தில் புது வேலை எதையும் தொடங்காதீர்கள். அந்த மாதம் முழுவதும் ஒப்படைப்புக்கு. கோப்பில் கடிதங்களின் நகல், பதில்கள், கூட்டக் குறிப்புகள், கணக்கு, சாவிகளின் பட்டியல், பாதியில் நிற்கும் வேலைகள் ஆகியவற்றை வையுங்கள். யாரிடம் எந்த வேலைக்குப் போக வேண்டும், எந்த நேரத்தில் போனால் அவர் ஓய்வாக இருப்பார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் புதியவர்களுக்கு அதிகம் உதவுகிறது. பழைய பேரவையும் புதிய பேரவையும் குறைந்தது இரண்டு கூட்டங்களில் சேர்ந்து உட்கார வேண்டும். முதலாவதைப் பழையவர்கள் நடத்தட்டும். இரண்டாவதைப் புதியவர்கள் நடத்த, பழையவர்கள் கேட்டால் மட்டும் பேசட்டும்.

தாளில் எழுதிக் கொடுத்தாலும், தொடர வேண்டிய வேலையை நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். எங்கள் செயலாளர் தன் கடைசி வாரத்தில் புதிய செயலாளரை இரண்டாம் தளத்துக்கு அழைத்துப்போனாள். ஆறு கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சாத்தி, தாழிட்டு, திறந்து காட்டினாள். ஐந்தாவது கதவு கொஞ்சம் இறுகியது. புதியவள் பதிவேட்டை வாங்கித் தேதி போட்டு, “ஐந்தாவது கதவு, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட வேண்டும்” என்று எழுதினாள்.